நசீர் பாய் வெட்டிய ஒற்றை வயர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பெருங்களத்தூர் நிறுத்தத்தில் கேளம்பாக்கம் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது ஜரீனா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நசீர் பாயின் மனைவி. அவர் அந்த நேரத்தில் என்னை அழைப்பவர் இல்லை.

"ரேவதி, அவரு போய்ட்டாரும்மா."

ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலில் எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. அன்று காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் படகுத்துறையில் சந்திப்பதாக இருந்தது. "அதுக்குள்ள கிளம்பிட்டாராக்கா? நான் இன்னும் பஸ்ஸே ஏறல" என்றேன்.

அக்கா, "மௌத்தாயிட்டாரும்மா. சுபுஹ் தொழுதுட்டு சேர்ல உக்காந்தாரு. எந்திரிக்கல" என்றார்.

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், தாம்பரம் போகும் முதல் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் கேட்ட நடத்துநரிடம் எந்த ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு நசீர் பாயை மேற்குத் தாம்பரத்தில் கார், ஆட்டோக்களுக்கு வயரிங் செய்த கடைக்காரராகத் தெரிந்திருக்கும். வேறு சிலருக்கு, கோவளத்துக்குத் தெற்கே உப்பங்கழி ஓரத்தில் இருக்கும் எங்கள் படகுத்துறையில், தரையில் டீ குடிக்கும்போதுகூட உயிர்காப்பு அங்கியைக் கழற்றாத மனிதராகத் தெரிந்திருக்கும். அவருக்கு நீச்சல் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டார். "தண்ணிக்கும் எனக்கும் ஆவாது. கரெண்ட நம்பி வந்துகினுகீறேன்" என்பார். ஆறு ஆண்டுகள் அவரோடு ஒரே படகுகளில் வேலை செய்தவள் நான். அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து, இதுவரை சிலரிடம் மட்டும் சொன்ன ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு, இந்தப் படகுத்துறைக்கு இன்ஜின் பராமரிப்புக்கு வந்தேன். பாய்ப்படகுக்கு இன்ஜின் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காற்று விழுந்துவிட்டால் கரைக்குத் திரும்ப வேண்டாமா? எங்கள் துறையில் இருந்தவை பெரும்பாலும் பழைய படகுகள். அவற்றில் ஒன்று 'மல்லிகா'. எங்கோ வெளிநாட்டில் செய்யப்பட்டு, பல கைகள் மாறி, மேடவாக்கம் குணசேகரன் சாரிடம் வந்து சேர்ந்திருந்தது. அவர் குடும்பம் அந்த ஊரில் தலைமுறையாக விவசாயம் பார்த்தது. நிலமெல்லாம் அடுக்குமாடிகளான பிறகு, சிறு வயதிலிருந்து ஆசைப்பட்ட பாய்ப்படகை வாங்கினார். அவருடைய காருக்கு வயரிங் செய்துகொண்டிருந்த நசீர் பாயைப் படகுக்கும் அழைத்து வந்தார்.

முதல் நாள் பாய் படகில் ஏறியதும் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. இன்ஜின் அறையின் மூடியைத் தூக்கினார். முழங்காலிட்டுத் தலையை உள்ளே விட்டார். ஒரு கருவியையும் தொடாமல் மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய் தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"வாசன புடிக்கிறேம்மா. மூக்கு முதல்ல, கை அப்பறம்." எழுந்து துடைத்துக்கொண்டு சொன்னார்: "கார்ல பெட்ரோலு ஒழுகுச்சுன்னா ரோட்டுல வுழும், காத்துல பூடும். காருக்குக் கீழ ரோடு கீது. இதுக்குக் கீழ இன்னா கீது?"

எனக்கு அது தெரியாத விஷயம் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிப்பள்ளத்தில் தண்ணீர் மாதிரி இறங்கித் தேங்கும். யாரும் பார்க்க முடியாது. அப்போது ஒரு சுவிட்சில் சின்னப் பொறி பறந்தால் போதும். புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அதை நினைத்துப் பயப்படுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

மல்லிகாவின் இன்ஜின் அறையில் காற்றை வெளியேற்றும் ப்ளோயர் ஒன்று இருந்தது. இன்ஜினைக் கிளப்பும் முன் நான்கு நிமிடம் அது ஓட வேண்டும். அதன் குழாயைப் பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். முன்பு யாரோ அதை இன்ஜினுக்கு மேலேயே வெட்டி விட்டிருந்தார்கள். அடியில் தேங்கும் ஆவியை அது தொடவே தொடாது. "மாடி ஜன்னலத் தொறந்து வச்சிக்கினு கீழ்வூட்டு நாத்தத்த வெரட்றானுங்க" என்றார். அன்றே புதுக் குழாய் போட்டு அடிப்பள்ளம் வரை இறக்கினோம். வேலை முடிந்ததும் என்னிடம், "இன்ஜின் உன்னுது. வயரு என்னுது. காத்து ரெண்டு பேருக்கும் பொது" என்றார். எங்கள் வேலைப் பிரிவினை அதோடு முடிவானது.

குணசேகரன் சார் ஒரு மழைநாளில் மேல்தளத்துக் காற்றுத் துவாரத்தில் பழைய துண்டு ஒன்றைத் திணித்து வைத்திருந்தார், சாரல் உள்ளே போகிறதென்று. பாய் அதை உருவி எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "சார், இத மூக்குல வச்சி அமுக்கிக்கினு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரிக்கும் ஓடுங்க பாக்கலாம்." சார் சிரித்துவிட்டார். துண்டு மறுபடி அங்கே போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாய் தன் கடையில் விற்ற எந்தப் பொருளையும் படகில் மாட்ட மாட்டார். கார் ஸ்டார்ட்டரும் படகு ஸ்டார்ட்டரும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். விலையில் பெரிய வித்தியாசம். ஆனால் படகுக்கானது உள்ளே பறக்கும் பொறி வெளியே வராதபடி மூடப்பட்டது. "என் கடையில இருக்கறதுலாம் ரோட்டுல ஓட்றதுக்கு" என்பார். வாங்க வந்தவரையே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இவ்வளவும் தெரிந்துதான் நான் அதைச் செய்தேன்.

மூன்று வருடம் முந்தைய ஐப்பசி. விடாமல் மழை. எல்லாப் பழைய படகுகளையும் போல மல்லிகாவிலும், நீருக்கடியில் சுழலும் விசிறிக்கு இன்ஜினிலிருந்து தண்டு வெளியே போகும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் கசியும். அதோடு மழைத் தண்ணீரும் சேர்ந்தால் அடிப்பள்ளத்திலிருந்து இறைக்க ஒரு பம்ப் உண்டு. நீர் உயர்ந்தால் ஒரு மிதவை எழும்பி பம்ப்பைத் தானாக ஓடவிடும். யாரும் இல்லாதபோதும் ஓட வேண்டும் என்பதால் அதன் வயர் மெயின் சுவிட்சைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்குப் போகும். அந்த மிதவை சுவிட்ச் ஒரு பிற்பகலில் செத்துப்போனது. பாய் தன் மகளின் நிச்சயத்துக்காக ஆம்பூர் போயிருந்தார்.

நான் மேடவாக்கம் கடை ஒன்றுக்குப் போய், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு வைக்கும் சம்ப்பு சுவிட்சை வாங்கி வந்தேன். மிதவை எழும்பினால் மேலே ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டு தகடுகள் தொட்டுக்கொள்ளும். மூடப்படாத பெட்டி. அதை இன்ஜின் அறைக்குள்ளேயே மாட்டினேன்; பெட்டி இன்ஜினுக்குப் பின்னால் மறைந்திருந்தது. பம்ப் ஓடியது. படகு பிழைத்தது. பாயை ஃபோனில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

சரியான சுவிட்சுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது வந்ததும் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பாய் ஊரிலிருந்து வந்தார், வேலையைத் தொடர்ந்தார். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பதினாறு நாள் ஓடிப்போனது.

பதினேழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் அடித்தது. குணசேகரன் சார் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தார். மொத்தம் ஏழு பேர். தங்கை மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. காற்றாடக் கொஞ்ச தூரம் போய் வருவதாகத் திட்டம். சாரே இரண்டு கேன் பெட்ரோலைத் தொட்டியில் ஊற்றியிருந்தார். ஊற்றும் வாய்க்குக் கீழே போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஊற்றியதில் ஒரு பகுதி தொட்டிக்குப் போகாமல் அடிப்பள்ளத்துக்குப் போயிருந்தது. மேலே நல்ல காற்று, அதனால் வாடையும் இல்லை.

பாய் விளக்கு வயர் ஒன்றைப் பார்க்க வந்திருந்தார். படகு கிளம்பும் முன் வழக்கம்போல மூடியைத் தூக்கிக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். சாரின் விரல் ப்ளோயர் சுவிட்சின் மேல் இருந்தது.

"சார், கைய எடுங்க."

"ப்ளோயர்தான் பாய். நாலு நிமிஷம் ஓடினா..."

"ஆவின்னா ஊதும். உள்ள பெட்ரோலே கீது. கைய எடுங்க சார்."

அவர் சத்தம் போடவில்லை. உள் அறையில் புழுங்குகிறதென்று சாரின் தங்கை விசிறியைப் போடக் கையைத் தூக்கியிருந்தார். "அக்கா, ஃபேன் வேணாம்க்கா. எதயும் அமுக்காம அப்டியே மேல வாங்க. ஒவ்வொருத்தரா எறங்குங்க, ஓடாதீங்க." யாரோ சார்ஜரில் போட்டிருந்த ஃபோனைப் பிடுங்கப் போனார்கள். "கீட்டும். புடுங்காதீங்க" என்றார். அந்தக் கர்ப்பிணிப் பெண் படகிலிருந்து துறை மேடைக்குக் காலைத் தூக்கி வைக்கும்போது, பாய் கீழே நின்று கையைத் தாங்கலாக நீட்டியிருந்தார். அவள் பயந்துபோய் நடுவில் நின்றுவிட்டாள். "ஒண்ணும் இல்லம்மா. பொறுமையா. அவசரமே இல்ல" என்றார். அவர் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் இறங்கித் தூரமாக அனுப்பப்பட்டார்கள். பக்கத்துப் படகில் வண்ணம் அடித்துக்கொண்டிருந்த இருவரையும் கிளப்பினோம். சார் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி வண்டி எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது.

"ஒரே ஒரு மேட்டர்தான்" என்றார் பாய் என்னிடம். "பம்ப்பு தானா ஓடும். ஆனா அந்த சுவிட்சு நான் போட்டது, மூடினது. பேஜாரு இல்ல. வெயிட் பண்லாம்."

அப்போது சொன்னேன். "பாய், அந்த சுவிட்ச் நான் மாத்திட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க ஆம்பூர்ல இருந்தப்போ. சம்ப்பு சுவிட்ச். மேல பெட்டி திறந்துதான் இருக்கு. இன்ஜின் ரூம்லயே."

திட்டுவார் என்று நினைத்தேன். "மிதவைக்கும் தண்ணிக்கும் எவ்ளோ கீது?" என்று மட்டும் கேட்டார். காலையில் நான் பார்த்தபோது மூன்று விரல் இருந்தது. படகின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தோம். இரண்டு விரல் இருக்கலாம். கசிவு நிற்கப்போவதில்லை. மிதவை எழும்பியதும் தகடுகள் தொடும், பொறி பறக்கும்.

"பேட்டரியக் கழட்னா பொறி வரும், ஃபோனு சார்ஜுல கீது. இப்ப அந்த வயர்ல கரெண்டு ஓடல. ஓடாத வயர வெட்னா பொறி வராது. ரெண்டையும் சேத்துக் கடிக்காம ஒண்ண மட்டும் வெட்டணும். தண்ணி ஏறதுக்குள்ள வெட்டணும்."

"நான் போறேன் பாய். நான் மாட்டினதுதானே."

"நான் பின்னாடி குனிஞ்சா படகு பின்னாடி சாயும், தண்ணி மிதவைக்கு வரும். முன்னாடி யாருனா வெயிட்டா ஒக்காரணும். நீ என்னவிட எட்டு கிலோ ஜாஸ்தி. போ, முன்னாடி போய்ப் படு."

அந்த நிலையிலும் என் எடையைச் சொன்னார். இடுப்புச் சாவிக்கொத்தையும் ஃபோனையும் சாரிடம் கொடுத்தார். அந்தச் சந்துக்குள் நுழையாது என்று உயிர்காப்பு அங்கியைக் கழற்றினார். தண்ணீருக்கு மேல் அவரை அது இல்லாமல் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். டார்ச்சைக் கரையிலேயே எரியவிட்டு எடுத்து வந்தார்.

நான் முன்முனையில் குப்புறப் படுத்தேன். அவர் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். அவர் ஓர் அடி நகர்ந்தால் படகு அந்தப் பக்கம் மெல்ல அமுங்குவது என் வயிற்றில் தெரிந்தது. உள் அறை வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகும் ஆடாமல் இருந்த டார்ச் வெளிச்சமும்தான்.

"ரேவதி, பேசிக்கினே இரு. எங்க வாங்கின அத?"

"மேடவாக்கத்துல. சிக்னல் பக்கத்துக் கடை."

"நல்ல கட. சம்ப்புக்கு நல்லா ஒழைக்கும்." அவர் முதுகு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. "செவப்பு வயரா, கருப்பா மேல போவுது?"

"சிவப்பு. பேட்டரியிலேர்ந்து நேரா வருது."

"டேப்பு சுத்திக்கீற?"

"ஆமா பாய்."

"எத்தினி சுத்து?"

"மூணு."

"சரி. ஆடாத. மூச்சக்கூட மெதுவா வுடு."

பாய்க்கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குறடு கடிக்கும் சின்ன ஒலி.

"அறுந்துச்சு" என்றார். வெட்டிய முனையைத் துணியால் சுற்றிவிட்டு, போனதைப் போலவே அடி அடியாகத் திரும்பி வந்தார். மேடையில் ஏறியதும் முதலில் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதன் வாரை நான் பூட்டிவிட்டேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்து பெட்ரோலைக் கைப்பம்பால் எடுத்தார்கள். மூடிகளையெல்லாம் திறந்து போட்டு மாலை வரை காற்று வாங்கவிட்டோம். அவர்கள் போனதும் குணசேகரன் சார் எங்களிடம் வந்தார். முகம் கறுத்திருந்தது. அவர் கையில் அந்த சம்ப்பு சுவிட்ச்.

"யாரு பாய் இத வச்சது?"

நான் நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன்.

"கரெண்டு வேல என்னுது சார்" என்றார் நசீர் பாய்.

சார் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். தன் வீட்டுப் பெண்ணை நினைத்துப் பேசினார், அது நியாயம்தான். இனி இந்தப் படகில் கால் வைக்காதே என்றார். பக்கத்துப் படகுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் அவர்களில் இரண்டு பேர் வேறு எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தார்கள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இந்தத் துறையில் இன்ஜினைத் தொட வந்த முதல் பெண் நான். ஒரு தடவை தவறினால் என் பேர் என்னவாகும் என்பதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் அவர் கடைக்குப் போனேன். ஆட்டோ ஒன்றின் ஹெட்லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு எப்போதும் போடும் ஸ்டூலை அன்று இழுத்துப் போடவில்லை.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"நான் பொய் சொல்லலயே. கரெண்டு வேல என்னுதுதான."

"நான்தான்னு சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா அது போட்டுக் குடுக்கறது. நீ சொல்லணும். உன் வாயி உன்கிட்டதான கீது?" ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அத வுடு. அவசரத்துக்கு மாத்தினியா? மாத்து. படகு முழுவப்போவுதுன்னா நானும் மாத்துவேன். எனக்கு ஒரு ஃபோன் போட்டியா? பதினாறு நாளு. அந்தப் பொட்டிக்குப் பக்கத்துல தலைய வுட்டுக்கினு டெஸ்ட் லைட்ட வச்சி வேல செஞ்சிக்கினு இருந்தேன் நான். நீ மேல நின்னுகினு பாத்துக்கினு இருந்த. ஒரு வாட்டிகூட உனக்கு வாய் வரலயா ரேவதி?"

அவர் மறுபடி ஹெட்லைட்டை எடுத்துக்கொண்டார். போ என்றும் சொல்லவில்லை.

அங்கிருந்தே மேடவாக்கம் போனேன். குணசேகரன் சார் வீட்டு வாசலில் தண்ணீர் லாரி நின்றிருந்தது, குழாயைத் தாண்டி உள்ளே போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "பாய நான் என்னென்ன பேசினேன்னு நீ கேட்டுட்டுதானே நின்ன?" என்றார் சார். "ஆமா சார்." "போம்மா. எனக்கு இப்போ உன்கிட்ட பேச முடியாது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று மாலையே அவர் மேற்குத் தாம்பரம் கடைக்குப் போனதையும், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றே மன்னிப்புக் கேட்டதையும் ஜரீனா அக்கா சொல்லித்தான் தெரியும். என் வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது. திரும்பி வர பாய் ஒரே நிபந்தனை போட்டிருக்கிறார்: இன்ஜினை என்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

அவர் படகுத்துறைக்கு வந்தார். ஆனால் என்னோடு பேசவில்லை. ஐந்து வாரம். வேலைக்கு வேண்டியதை மட்டும் கேட்பார். "ஸ்பேனர்." "மூடு." "தொற." என் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினால், பார்க்காதது போல எழுந்துபோவார். மல்லிகாவில் பெட்ரோல் குழாய், மிதவை, வயர் எல்லாம் புதிதாக மாற்றினோம். ஒவ்வொன்றையும் நான் மாட்டியதும், "பாய், இது நான் மாட்டினது" என்று சொல்வேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நகர்வார். ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, குழாயை இறுக்கும் ஒரு பட்டையின் திருகைத் தொட்டுப் பார்த்து, "இது லூசு" என்றார். "நான்தான் போட்டேன் பாய்" என்றேன். "அதான் கேக்குறேன், காலைல சாப்டியா இல்லியா?" என்றார். நான் படகின் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு இரண்டரை வருடம் அவரோடு வேலை செய்தேன். அந்த விஷயத்தை ஒருமுறைகூட அவர் எடுத்ததில்லை. குணசேகரன் சாரின் தங்கை பேத்திக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது, எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் அழைத்தார்கள். பாய் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு முழு நேரமும் மின்விசிறியின் ரெகுலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும் முன் அதைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் வந்தார்.

செவ்வாய்க்கிழமை நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் ஜரீனா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஆட்டோக்காரர்கள், மெக்கானிக்குகள், எங்கள் படகுத்துறை ஆட்கள் எல்லோரும் நின்று அவர் அடித்த கிண்டல்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லிச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குணசேகரன் சார் யாரோடும் பேசாமல் கடையின் ஷட்டர் ஓரமாக நின்றிருந்தார்.

அவருடைய கிண்டல் நம் எல்லோரிடமும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து வாரக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அது எனக்கு மட்டும் கிடைத்தது. நான் அவருக்கு வேண்டாதவளாக இருந்திருந்தால், அன்றே சிரித்துப் பேசி என்னை விட்டிருப்பார்.